எந்த வைரஸ் எந்தக் கொசுவில் ஏறும்? ரப்பர் நாட்டு வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தின் களியக்காவிளையிலிருந்து அருமனை, குலசேகரம், அப்பால் பேச்சிப்பாறை வரை ரப்பர் மரங்களுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்குச் சிக்குன்குனியாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும். மூட்டுவலி மாதக்கணக்கில் போகாது. பால் வெட்டும் கத்தியைப் பிடிக்க விரல் மடங்காத தொழிலாளிக்கு அத்தனை மாதமும் கூலி இழப்புதான். எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 2006இல் இந்த நோய் பெரிதாகத் தாக்கியது ஆலப்புழைக் கடலோரத்தை. மறு ஆண்டே கோட்டயம், பத்தனம்திட்டா, இடுக்கி என்று ரப்பரும் மலையுமான மாவட்டங்களை வாட்டி எடுத்தது. இரண்டு ஆண்டுகளின் வைரஸ்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, 2007ஆம் ஆண்டு வைரஸின் மரபணுவில் ஒரு முக்கியமான இடத்தில் எழுத்து மாறியிருந்தது.

"அந்த வருடம் கொசு மாறிவிட்டது" என்று சொல்வோர் இன்றும் உண்டு. கொசு அப்படியேதான் இருந்தது. தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் ஒரு கொசுவுக்குள் எளிதாக நுழையும் திறனை வைரஸ் பெற்றுக்கொண்டது. அந்தத் திறன் வைரஸின் மரபணுவில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், "புதிய சடுதி மாற்றம்" (மரபணு எழுத்து மாறுவது) என்று ஒரு செய்தி வந்தால் அதை எப்படி எடைபோடுவது ஆகியவற்றைப் படிப்படியாகச் சொல்ல விரும்புகிறேன். பிளஸ் டூ உயிரியல் படித்திருந்தால் போதும். படிக்காதவர்களும் பொறுமையாக வந்தால் பின்தொடரலாம்.

முதல் படி: இரண்டு ஏடிஸ் கொசுக்களைப் பிரித்தறியுங்கள்

பகலில் கடிக்கும் வரிக்கால் கொசுக்களில் நமக்கு முக்கியமானவை இரண்டு. கையால் அடித்த கொசு நசுங்காமல் கிடைத்தால் வெள்ளைத்தாளில் வைத்து, சாதாரண உருப்பெருக்கியால் முதுகைப் பாருங்கள். தலைக்குப் பின்னால் முதுகின் நடுவே ஒரே ஒரு வெள்ளிக்கோடு நேராக ஓடினால் அது ஏடிஸ் அல்போபிக்டஸ், அதாவது ஆசியப் புலிக் கொசு. யாழின் வளைவைப் போல இருபுறமும் வெள்ளை வளைகோடுகள் இருந்தால் அது ஏடிஸ் எஜிப்டி. கால்வரிகளை நம்ப வேண்டாம், இரண்டுக்கும் உண்டு.

எஜிப்டி வீட்டோடு வாழும் கொசு. தண்ணீர் பிடித்துவைக்கும் டிரம், மூடாத தொட்டி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவை அதற்குப் போதும். புலிக் கொசு தோட்டத்துக்காரன். மரப்பொந்து, உதிர்ந்த கமுகம்பாளை, அன்னாசிச் செடியின் இலைக்கணு, எல்லாவற்றுக்கும் மேலாக, பால் பிடிக்க ரப்பர் மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டை என்று நிழலில் மழைநீர் தேங்கும் இடமெல்லாம் அதற்குச் சொந்தம். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆண்டில் இரண்டு முறை சிரட்டைகள் நிரம்புகின்றன.

இந்த வேறுபாடு தெரியாமல் மேலே போகவே முடியாது. ஒரு வைரஸ் எஜிப்டியை மட்டும் நம்பியிருந்தால் நோய் நெருக்கமான குடியிருப்புகளில் நிற்கும். புலிக் கொசுவும் அதற்கு வசப்பட்டால் தோட்டமும் நோய்க்களமாகும்.

இரண்டாம் படி: கொசுவுக்குள் இருக்கும் தடைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

வைரஸ் உள்ள ரத்தத்தைக் குடித்தவுடன் கொசு நோய்பரப்பி ஆகிவிடுவதில்லை. பெரும்பாலான வைரஸ்கள் கொசுவின் வயிற்றில் ரத்தத்தோடு சேர்ந்து செரித்துப்போகின்றன. எய்ட்ஸ் கொசுவால் பரவாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தப்பிக்கும் வைரஸ் நான்கு தடைகளைத் தாண்ட வேண்டும். நடுக்குடலின் சுவரிலுள்ள செல்களுக்குள் நுழைந்து பெருகுவது முதல் தடை. அங்கிருந்து உடற்குழிக்குள் வெளியேறுவது இரண்டாவது. உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் நுழைவது மூன்றாவது. உமிழ்நீரில் கலப்பது கடைசி. இந்த வழி முழுவதும் கொசுவின் சொந்த எதிர்ப்புச் சக்தியும் வைரஸின் ஆர்என்ஏவை, அதாவது அதன் மரபணு எழுதப்பட்ட இழையை, துண்டு துண்டாக வெட்டிக்கொண்டே இருக்கும். டெங்கு இந்தப் பயணத்தை முடிக்கப் பொதுவாக 8 முதல் 12 நாட்கள் ஆகின்றன. சிக்குன்குனியா அதைவிட விரைவாக முடித்துவிடும்.

ஆய்வகத்தில் இதைச் சோதிக்கும் முறையை நான் மாணவர்களுக்கு விரிவாகச் சொல்வதுண்டு. வைரஸ் கலந்த, உடல்வெப்பத்தில் உள்ள ரத்தத்தை மெல்லிய சவ்வின் வழியாகக் கொசுக்களுக்கு ஊட்டுகிறார்கள். வயிறு சிவந்து உப்பிய கொசுக்களை மட்டும் பிரித்தெடுத்து, ஒன்று முதல் இரண்டு வாரம் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து வளர்க்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கொசுவையும் மயக்கி, கால்களையும் இறக்கைகளையும் அகற்றிவிட்டு, அதன் ஊசிவாயை மெல்லிய கண்ணாடிக் குழலுக்குள் செருகுகிறார்கள். கொசு அதற்குள் உமிழும். உடல், கால், உமிழ்நீர் மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்கிறார்கள். உடலில் மட்டும் வைரஸ் இருந்தால் அது குடலோடு நின்றுவிட்டது. காலிலும் இருந்தால் குடலைத் தாண்டிவிட்டது. உமிழ்நீரில் இருந்தால்தான் அந்தக் கொசு நோயைக் கொடுக்கும். "கொசுவில் வைரஸ் கண்டுபிடிப்பு" என்ற தலைப்பைப் பார்த்தால், எந்தப் பாகத்தில் என்று முதலில் கேளுங்கள்.

நம் வீட்டுச் சாக்கடையில் பெருகி, இரவில் தூங்கவிடாமல் செய்யும் கியூலெக்ஸ் கொசு சிக்குன்குனியாவைப் பரப்புவதில்லை. கடி எத்தனை என்பதைவிட, உள்ளே தடை திறக்கிறதா என்பதே கணக்கு.

மூன்றாம் படி: வைரஸின் வரைபடத்தை வாசியுங்கள்

சிக்குன்குனியா வைரஸின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 11,800 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்என்ஏ இழை. அதை இரண்டு பகுதிகளாகப் பார்த்தால் புரியும். முதல் பகுதி, செல்லுக்குள் வைரஸைப் பெருக்கும் நான்கு புரதங்களுக்கானது: என்எஸ்பி1 முதல் என்எஸ்பி4 வரை. இரண்டாவது பகுதி, வைரஸின் உடலைக் கட்டும் புரதங்களுக்கானது. அவற்றில் ஈ1, ஈ2 இரண்டும் வெளியே துருத்தி நிற்பவை. ஈ2 செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொள்கிறது. செல் வைரஸை விழுங்கிய பிறகு, உள்ளே அமிலத்தன்மை ஏறும்போது ஈ1 விரிந்து, வைரஸின் சவ்வைச் செல்லின் சவ்வோடு இணைக்கிறது. அந்த இணைப்பு நடந்தால்தான் ஆர்என்ஏ உள்ளே போகும்.

ஆகவே கொசுத்தேர்வுக்கு வைரஸில் குறைந்தது இரண்டு இடங்கள் பொறுப்பாகலாம். நுழைவது ஈ1, ஈ2 கையில். நுழைந்தபின் பெருகுவது என்எஸ்பி புரதங்கள் கையில். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்து அனாபிலஸ் கொசுக்களிலிருந்து கிடைத்த எய்லாட் என்ற வைரஸ் இதற்கு நல்ல சான்று. அது சிக்குன்குனியாவின் உறவு. பூச்சிச் செல்களில் மட்டுமே வாழும். அதற்குச் சிக்குன்குனியாவின் வெளிப்புரதங்களை அணிவித்தால் பாலூட்டிச் செல்லுக்குள் நுழைந்துவிடுகிறது. ஆனால் பெருக முடிவதில்லை.

நான்காம் படி: மாற்றிக் கட்டிப் பார்க்கும் தர்க்கம்

ரப்பர் நாற்றில் ஒட்டுக் கட்டுவது நமக்குத் தெரிந்த வேலை. ஒரு மரத்தின் வேர்ப்பகுதியில் இன்னொரு மரத்தின் மொட்டைப் பொருத்துகிறோம். பிறகு பால் கூடினால் மொட்டின் குணம், வறட்சியைத் தாங்கினால் வேரின் குணம் என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. வைரஸ் ஆய்விலும் தர்க்கம் இதுதான். ஒரு கொசுவில் ஏறும் வைரஸையும் ஏறாத வைரஸையும் எடுத்து, ஒன்றின் மரபணுப் பகுதியை மற்றொன்றில் பொருத்தி, கொசுவில் ஏறும் குணம் எந்தப் பகுதியோடு இடம்பெயர்கிறது என்று பார்க்கிறார்கள்.

மிகத் தெளிவான இணை சிக்குன்குனியாவும் ஓன்யோங்ன்யோங் வைரஸும். பின்னது 1959இல் உகாண்டாவில் பெரிய கொள்ளைநோயாக வெளிப்பட்டது. இரண்டும் உடன்பிறப்புகள் என்று சொல்லுமளவுக்கு ஒத்தவை, நோய்க்குறிகளும் ஒன்றே. ஆனால் சிக்குன்குனியாவை ஏடிஸ் கொசுக்கள் பரப்புகின்றன. ஓன்யோங்ன்யோங்கை, மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ். இவ்வளவு நெருங்கிய இரண்டு வைரஸ்கள் இவ்வளவு வேறுபட்ட கொசுக்களைத் தேர்வது ஏன்? வெளிப்புரதங்களில்தான் விடை இருக்கும் என்று எவரும் எதிர்பார்ப்பார்கள். முந்தைய ஒட்டு ஆய்வுகள் அந்தப் பக்கமும் கைகாட்டின. ஆனால் 2013இல் வெளியான ஆய்வு, அனாபிலஸைத் தேர்ந்தெடுக்கும் தன்மையை என்எஸ்பி3 என்ற உள்புரதத்தில் கண்டது. என்எஸ்பி3இன் வால்பகுதி வைரஸுக்கு வைரஸ் வெகுவாக மாறுபடுவது. கொசுச் செல்லிலுள்ள புரதங்களைப் பிடித்துத் தன் வேலைக்கு இழுத்துக்கொள்வதும் அந்த வால்தான். ஏடிஸ் கொசுவில் அது பிடிக்கும் புரதங்களில் ஒன்றுக்கு ராஸ்புட்டின் என்று பெயர். அந்தப் புரதத்தைக் குறைத்தால் புலிக் கொசுவில் சிக்குன்குனியாவும் குறைகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கொசுச் செல் வளர்ப்பில் வைரஸ் பெருகியது என்பதை வைத்துக் கொசு நோயைப் பரப்பும் என்று சொல்லிவிடக் கூடாது. உலகெங்கும் பயன்படும் புலிக் கொசுச் செல்வரிசையின் (ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்கள்) மூலம் இந்தியாவுடையது. புனேயிலிருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்தில் கே.ஆர்.பி. சிங் 1967இல் அதை உருவாக்கினார். அதிலிருந்து 1978இல் பிரித்தெடுத்த சி6/36 என்ற வரிசைதான் இன்று எல்லா ஆய்வகங்களிலும் இருக்கிறது. ஆனால் வைரஸை வெட்டும் ஒரு முக்கியமான எதிர்ப்பு நொதி அந்தச் செல்களில் செயல்படுவதில்லை. அதனால் அங்கே பல வைரஸ்கள் தாராளமாகப் பெருகும். முழுக் கொசுவில், வாய்வழியாக ஊட்டிப் பார்த்த முடிவே முடிவு.

ஐந்தாம் படி: ஒற்றை எழுத்தைத் தேடுங்கள்

இப்போது நம் கதைக்கு வருவோம். 2005-06இல் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில் சிக்குன்குனியா ஏறத்தாழ 2,66,000 பேரைத் தாக்கியது. தீவின் மக்களில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே எஜிப்டி அரிது; புலிக் கொசுதான் எங்கும். நோயின் தொடக்கத்தில் கிடைத்த வைரஸில் ஈ1 புரதத்தின் 226ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கோத்துக் கட்டும் கண்ணிகளில் ஒன்று) இருந்தது. சில மாதங்களில் அந்த இடத்தை வேலின் பிடித்துக்கொண்டது. ஆர்என்ஏவில் ஒரு சி, யு ஆனால் போதும், அலனின் வேலினாகிவிடும்.

அந்த ஓர் இடம்தான் காரணமா? 2007இல் வெளியான ஆய்வு இதற்கு நேராக விடை தேடியது. அந்த ஓரிடத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு வைரஸ்களைக் கொசுக்களுக்கு ஊட்டினார்கள். வேலின் உள்ள வைரஸ் புலிக் கொசுவின் நடுக்குடலைத் தொற்ற மிகக் குறைந்த அளவே போதுமாக இருந்தது. தொற்றும் திறன் 40 முதல் 100 மடங்கு வரை கூடியதாக இத்தகைய ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டையும் சம அளவில் கலந்து ஒரே கொசுவுக்குக் கொடுத்தபோதும் வேலின் வைரஸ்தான் முந்தியது. எஜிப்டியிலோ அந்த மாற்றத்தால் பயன் எதுவும் இல்லை. கொசுத்தேர்வு என்றால் என்ன என்று எவராவது கேட்டால் நான் இந்த ஒப்பீட்டைத்தான் காட்டுவேன்.

மாற்றம் நடந்த இடம் ஈ1 சவ்விணைப்பு செய்யும் பகுதிக்கு அருகில் இருக்கிறது. வேலின் வந்தபின் வைரஸ் கொலஸ்ட்ராலை நம்பியிருக்கும் அளவும் மாறுகிறது. பூச்சிகளால் கொலஸ்ட்ராலைத் தாமே தயாரித்துக்கொள்ள முடியாது என்பதால் காரணம் அங்கே இருக்குமோ என்று தேடினார்கள். தேடலில் அந்தத் தொடர்பு உறுதிப்படவில்லை.

கேரளத்தில் 2006இல் அலனின், 2007இல் வேலின். ரீயூனியனிலிருந்து அப்படியே இறக்குமதியானதா? மரபுத்தொடர்களைக் குடும்பமரமாக அடுக்கிப் பார்த்தபோது, ரீயூனியனிலும் இந்தியாவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் இந்த ஒரே மாற்றம் தனித்தனியாகவே தோன்றியிருப்பது தெரிந்தது. புலிக் கொசு மிகுந்த இந்த இடங்களுக்கு இந்த வைரஸ் போனபோதெல்லாம் அதே எழுத்து தேர்வானது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் வியப்பு குறைவதில்லை. அதே 2007இல் கேரளத்திலிருந்து சென்ற ஒரு பயணி வழியாக இத்தாலியின் ராவென்னா பகுதிச் சிற்றூர்களுக்கு வைரஸ் போய், இருநூறுக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அங்கே எஜிப்டி இல்லை. புலிக் கொசு இருந்தது. வைரஸிடம் வேலினும் இருந்தது.

ஆறாம் படி: பக்கத்து எழுத்துகளையும் பாருங்கள்

பலரும் ஐந்தாம் படியோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே நின்றால் பாதிதான் புரியும்.

சிக்குன்குனியா 1963இல் கொல்கத்தாவிலும் 1964இல் சென்னையிலும் பெரிய அளவில் வந்தது. அது ஆசிய மரபுவழி, அதாவது சிக்குன்குனியா குடும்பமரத்தின் ஆசியக் கிளை வைரஸ். தென்கிழக்கு ஆசியாவில் அந்த வழி பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது. புலிக் கொசுவின் தாயகமே அந்த நிலப்பகுதி. இத்தனை ஆண்டுகளில், இத்தனை புலிக் கொசுக்களுக்கு நடுவே, அந்த வைரஸ் ஏன் 226ஆவது இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை?

விடை 98ஆவது இடத்தில் இருந்தது. ஆசிய மரபுவழியின் ஈ1 புரதத்தில் அங்கே திரியோனின் உள்ளது. 2005க்குப் பின் நம் பக்கம் வந்த ஆப்பிரிக்க மரபுவழியில் அலனின். 98இல் திரியோனின் இருந்தால் 226இல் வேலின் வந்தும் புலிக் கொசுவில் ஏறும் திறன் கூடுவதில்லை. எங்கோ ஒரு காலத்தில் தற்செயலாக நுழைந்த ஓர் எழுத்து, அந்தக் குடும்பம் முழுவதற்கும் புலிக் கொசுவின் பாதையை அடைத்துவிட்டது. ஆகவே ஒரு சடுதி மாற்றத்தின் பொருள் அதைச் சுற்றியுள்ள எழுத்துகளைப் பொறுத்தது. 2013இன் இறுதியில் கரீபியன் தீவுகளில் சிக்குன்குனியா நுழைந்தபோது, அது ஆசிய மரபுவழி என்று தெரிந்தவுடனேயே எஜிப்டிதான் முக்கியப் பரப்பியாக இருக்கும் என்று கணிக்க முடிந்தது இந்த அறிவால்தான்.

ஏழாம் படி: இரண்டாவது மாற்றம் வருகிறதா என்று கவனியுங்கள்

ஒரு கதவு திறந்தபின் வைரஸ் அங்கேயே நிற்பதில்லை. 2009இல் கேரளத்தில் எடுத்த வைரஸ்களில், 226இல் வேலினோடு, ஈ2 புரதத்தின் 210ஆவது இடத்தில் லியூசின் போய் குளுட்டமின் வந்திருந்தது. இது புலிக் கொசுவின் குடலைத் தொற்றும் திறனை மேலும் 4, 5 மடங்கு கூட்டுவது சோதனையில் தெரிந்தது. முதல் தாவல் பெரியது, இரண்டாவது சிறியது, இரண்டும் ஒரே திசையில். இந்த இரண்டாவது எழுத்தை உலகம் முதலில் அறிந்தது நம் பக்கத்து மாநிலத்து நோயாளிகளின் ரத்தத்திலிருந்து.

எட்டாம் படி: மற்ற வைரஸ்களோடு ஒப்பிடுங்கள், ஆனால் சமப்படுத்தாதீர்கள்

மெக்சிகோவில் 1993, 1996 ஆண்டுகளில் குதிரைகளைத் தாக்கிய வெனிசுவேலா மூளையழற்சி வைரஸில் ஈ2இன் 218ஆவது இடம் மாறியிருந்தது. அதனால் கடலோரச் சதுப்புநிலத்து ஏடிஸ் கொசு அதற்கு வசப்பட்டது. 1999இல் நியூயார்க்கில் நுழைந்த வெஸ்ட் நைல் வைரஸ் சில ஆண்டுகளில் உறைப்புரதத்தின் 159ஆவது இடத்தை மாற்றிக்கொண்டது. கியூலெக்ஸ் கொசுவுக்குள் அதன் பயண நாட்கள் குறைந்தன. ஜிகாவில் கதை வேறு. என்எஸ்1 புரதத்தின் 188ஆவது இடத்தில் அலனின் வேலினானபோது, நோயாளியின் ரத்தத்தில் அந்தப் புரதம் கூடியது. அதுவே எஜிப்டிக்குள் வைரஸ் ஏற உதவியது என்று 2017இல் காட்டினார்கள். 2021 ஜூலையில் ஜிகா நம் எல்லையை ஒட்டிய பாறசாலையில் கேரளத்தின் முதல் தொற்றாகக் கண்டறியப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். சிக்குன்குனியாவின் 226 கதையை அப்படியே ஜிகாவுக்கும் டெங்குவுக்கும் பொருத்திப் பேசுவது தவறு. குடும்பமே வேறு.

ஒன்பதாம் படி: செய்தியை எடைபோட ஐந்து கேள்விகள்

எந்தப் புரதம், எத்தனையாவது இடம் என்று செய்தி சொல்கிறதா? எந்தக் கொசு இனத்தில் சோதித்தார்கள்? செல்லிலா, முழுக் கொசுவிலா? குடலில் கண்டார்களா, உமிழ்நீரிலா? அந்த ஓரிடத்தை மட்டும் மாற்றி ஒப்பிட்டார்களா? இவற்றுக்கு விடை இல்லாத செய்தியில் "மாற்றம் கண்டறியப்பட்டது" என்பதற்கு மேல் எதுவும் இல்லை. அதை வைத்து யாரையும் பயமுறுத்தாதீர்கள்.

கொசுவின் பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே இனக் கொசுவிலும் ஊருக்கு ஊர் ஏற்புத்திறன் மாறுகிறது. வெப்பம் கூடினால் பயண நாட்கள் மாறுகின்றன. எஜிப்டி மனித ரத்தத்தையே பெரிதும் நாடுவது. புலிக் கொசு ஆடு, மாடு, கோழி என்று கிடைத்ததைக் கடிக்கும். ஆய்வகத்தில் ஏறும் வைரஸ் தோட்டத்தில் பரவ இவ்வளவும் ஒத்துவர வேண்டும்.

பத்தாம் படி: நம் ஊரில் செய்ய வேண்டியது

புலிக் கொசுவில் ஏறும் வைரஸ் நம் பக்கத்தில் வந்துபோயிருக்கிறது என்றால், வீட்டு டிரம்மை மூடுவது மட்டும் போதாது. மழைக்காகப் பால்வெட்டு நிறுத்தும் நாளன்றே சிரட்டையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். வெட்டு நடக்கும் காலத்தில் புழு கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும் என்பதால், வாரம் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றிவந்தால் சங்கிலி அறும். கொட்டிய தண்ணீரோடு முட்டை போய்விடாது. சிரட்டையின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். உட்புறத்தைத் தேய்த்துவிடுங்கள். கமுகம்பாளைகளைப் பொறுக்கி அடுக்குங்கள். புதுநடவு ரப்பருக்கு இடையே அன்னாசி போட்டிருப்பவர்களுக்கு வேலை கடினம். இலைக்கணுத் தண்ணீரைக் கவிழ்க்க முடியாது. அங்கே சுகாதாரத் துறையின் புழுக்கொல்லி மருந்தையே கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்று. காய்ச்சலோடு மூட்டு வலித்தால் மூன்றாவது நாளுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ரத்தத்தில் வைரஸ் இருப்பது முதல் ஐந்து முதல் ஏழு நாட்கள்தான். அப்போது எடுத்த மாதிரியில் மட்டுமே அதன் எழுத்துகளை வாசிக்க முடியும். தாமதித்தால் எதிர்ப்பொருள் மட்டுமே கிடைக்கும்; வந்தது சிக்குன்குனியா என்று தெரியும், 226இலும் 210இலும் என்ன இருந்தது என்று தெரியாது.